மதிப்பூதியத்தின் மதிப்பு

"சம்பளம்னு எழுதாதீங்கம்மா, மதிப்பூதியம்னு எழுதுங்க" என்றார் அந்த அலுவலர். ஐந்து மாதப் பாக்கியைக் கேட்டு நான் எழுதிக்கொண்டு போயிருந்த மனு அது. அங்கேயே அடித்துத் திருத்திக் கொடுத்தேன். சொல் மாறியது, பணம் வரவில்லை.

2009 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று 'சாக்ஷர் பாரத்' திட்டத்தைத் தொடங்கினார்கள். பெண்களின் எழுத்தறிவை முதன்மையாகக் கொண்ட திட்டம் என்றார்கள். ஊராட்சிக்கு ஒரு மையம்; மையத்துக்கு இரண்டு ஊக்குநர்கள்; மாதம் 2000 ரூபாய். 2018 மார்ச்சில் திட்டத்தை மூடும்வரை என் கைக்கு வந்த தொகை அதற்குமேல் ஏறவே இல்லை. 2017-18இல் நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் அறிவித்த நாள் கூலி 205 ரூபாய். வேலை அட்டையில் தன் பெயரையும் நாள் கணக்கையும் வாசிக்க நான் கற்றுக்கொடுத்த பெண், பத்து நாள் ஏரியில் மண் வெட்டினால் என் மாத வருமானத்தை எட்டிவிடுவாள். அவளுக்கு அதிகம் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அதுவும் போதாத கூலிதான். ஆனால் அதற்குக் கூலி என்று பெயர் இருந்தது. வராவிட்டால் கேட்க ஒரு சட்டம் இருந்தது.

எனக்கு இருந்தது 'பகுதிநேரம்' என்ற சொல். காலையில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. மதியம் பதிவேடு. பெண்கள் உலை இறக்கி, சோறு போட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வர இரவு எட்டு மணி ஆகும், வகுப்பு அப்போதுதான். அந்த நேரத்தில் என் வீட்டு உலையை யார் இறக்கினார்கள் என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை. ஆண் ஊக்குநரிடம் "ரெண்டாயிரத்துல எப்படிக் குடும்பம் நடத்துறீங்க?" என்று பரிதாபமாகக் கேட்பார்கள். என்னிடம் "கைச்செலவுக்கு ஆச்சுல்ல" என்பார்கள். திட்டத்தின் கணக்கே இந்த இரண்டாவது வாக்கியத்தின்மேல் போடப்பட்டதுதான்.

இந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது இன்னொரு பொய். அறுபது வயது அத்தை ஒருவர் மூன்று மாதம் வந்தும் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் தடுமாறினார். "எனக்கு மண்டையில ஏறலை கண்ணு, விட்டுடு" என்றார். ஒருநாள் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுவிட்டேன். சிலேட்டைத் தூரமாகப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, கடகடவென்று வாசித்தார். அவருக்கு எழுத்து தெரியாமல் இல்லை, கண் தெரியவில்லை. குழந்தைக்குச் சொல்லித்தருவது போல வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர முடியாது. தப்பைத் திருத்தினால் அடுத்த நாள் வரமாட்டார்கள். அறுவடைக் காலத்தில் பென்சில் பிடிக்க விரல் மடங்காது. மகன் பெயரை முதலில் எழுதக் கேட்பவர்களைத் தன் பெயரை எழுதவைக்க வாரக்கணக்கில் ஆகும். இதையெல்லாம் எந்தப் பயிற்சியும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கண்ணாடிக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை.

நானும் யோக்கியம் இல்லை. எனக்குக் கீழே, பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஒரு பைசா வாங்காத தன்னார்வலர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் பன்னிரண்டாவது முடித்து, கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள். 'சேவைம்மா, புண்ணியம்' என்று அவர்களை வீட்டிலிருந்து அழைத்து வந்தது நான்தான். அலுவலர் என்னிடம் சொன்ன அதே பொய்யை நான் அவர்களிடம் சொன்னேன்.

உடனே அறிவொளியைக் காட்டுவார்கள். 1991இல் புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கவில்லையா, சைக்கிள் ஓட்டவில்லையா? ஆமாம். அந்தச் சைக்கிளை நான் யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். முதல்முறையாக இருட்டிய பிறகு வீட்டைவிட்டு வெளியே வர அந்தப் பெண்களுக்குக் கிடைத்த காரணம் அது. ஆனால் அது இயக்கம். ஊரே கூடி ஓரிரு ஆண்டுகள் இழுத்த தேர். அந்த உற்சாகத்தைக் காட்டி, முப்பது ஆண்டுகளாக அரசு தன் நிரந்தர வேலையைப் பெண்களின் மாலை நேரத்தில் இலவசமாக முடித்துக்கொள்வது இயக்கம் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு எண்பத்தாறு ஆண்களுக்கு எழுத்து தெரியும்; பெண்களில் எழுபத்துமூன்று பேருக்குத்தான். இந்த இடைவெளியை யாருடைய செலவில் அடைக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

2022இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 1037.90 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதிலும் கற்பிப்பவர் தன்னார்வலர். அந்த 2000கூட இப்போது இல்லை.

போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். "உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே, இருபது பேருக்குச் சொல்லிக்கொடுங்களேன்" என்றார். எவ்வளவு தருவார்கள் என்று கேட்டேன். "சர்டிபிகேட் உண்டு" என்றார். என் டிரங்குப் பெட்டியில் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. மாதச் சம்பளம், அதுவும் சம்பளம் என்ற பெயரில்; படிக்க வருகிறவர்களுக்குக் கண் பரிசோதனை, கண்ணாடி; இவ்வளவையும் எழுதிக் கொடுத்தால் நாளைக்கே வருகிறேன் என்றேன். அவரும் சங்கடப்பட்டார், பாவம், அவர் கையில் என்ன இருக்கிறது? காப்பி குடித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு பெண் பி.எட். முடித்து இரண்டு வருடமாக வேலைக்குக் காத்திருக்கிறாள்.