'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட டென்ட்... அடுத்த க்ளெய்மில் கையைக் கடிக்குமா?

எங்கள் வீட்டு காருக்கு ஆறு வயசு. போன வருஷம் அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்து, பின் பம்பர் ஓரத்தில் விரிசல். "வண்டி ஓடுதுல்ல, தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். தீபாவளி போச்சு, பொங்கலும் போச்சு. சித்திரையில் ஒருநாள், சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னால் வந்த வேன் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இந்த முறை பம்பரோடு டிக்கி கதவும் உள்ளே போயிருந்தது.

க்ளெய்ம் போட்டோம். சர்வேயர் வந்தார். போன் டார்ச்சை அடித்து விரிசலுக்குள் பார்த்தவர், "உள்ள மண்ணு ஏறிக் கிடக்கே சார், இது பழசுதானே?" என்றார். அப்பா மறைக்கவில்லை. டிக்கி கதவுக்குப் பணம் வந்தது. பம்பர் செலவு எங்கள் தலையில்!

அதற்குப் பிறகுதான் பாலிசியை உட்கார்ந்து படித்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே...

பழசையும் புதுசையும் சேர்க்க முடியாது

ஒவ்வொரு விபத்தும் தனி க்ளெய்ம். ஒவ்வொன்றிலும் நாம் கட்டாயம் ஏற்க வேண்டிய தொகை உண்டு. 1,500 சிசி வரையிலான காருக்கு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. "ரெண்டையும் ஒண்ணா போட்டுடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். துரு, தூசி, இடிபட்ட திசை எல்லாமே காட்டிக்கொடுத்துவிடும். பொய் என்று தெரிந்தால் நியாயமாக வரவேண்டிய பணத்துக்கும் சிக்கல்தான். முந்தைய க்ளெய்மில் பணம் வாங்கியும் சரிசெய்யாமல் விட்ட பாகத்துக்கும் இதே கதிதான்.

ஓட்டினால் உங்கள் பொறுப்பு

பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. விபத்துக்குப் பிறகு, தேவையான ரிப்பேரைச் செய்யாமல் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் அதிகமானால் அது நம் பொறுப்பு. கல்லில் அடிபட்டு ஆயில் சம்ப் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயில் ஒழுக ஒழுக, "வீடு பக்கம்தானே" என்று ஓட்டி இன்ஜின் சீஸ் ஆனால், சம்ப்புக்குப் பணம் கிடைக்கலாம். இன்ஜினுக்குக் கிடைப்பது கஷ்டம். அந்த இடத்திலேயே நிறுத்தி, டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் லாபம்.

பாலிசி முடிந்துவிட்டதா?

தேதி தவறினால், புதுப்பிக்கும்போது வண்டியைப் போட்டோ, வீடியோ எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதில் பதிவாகும் பழைய டென்ட்டுக்குப் புது பாலிசியில் இடமில்லை. 90 நாள்களைத் தாண்டினால் இதுவரை சேர்த்த நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

சின்னக் கீறலுக்கும் க்ளெய்ம் போடணுமா?

வேண்டாம், முதலில் கணக்குப் போடுங்கள். க்ளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20%, ஐந்து வருஷம் தொடர்ந்தால் 50% வரை சொந்தச் சேத பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். உதாரணத்துக்கு, உங்கள் பம்பர் விலை ரூ.6,000. ஜீரோ டெப் இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி தேய்மானம் கழியும். மீதி ரூ.3,000-ல் கட்டாயத் தொகை ரூ.1,000 போனால் கைக்கு வருவது ரூ.2,000. பிரீமியம் ரூ.8,000 என்றால், இதற்காக நீங்கள் இழப்பது ரூ.4,000 தள்ளுபடி! இப்படிப்பட்ட சமயத்தில் கைக்காசைப் போடுவதே மேல். ஆனால், சரிசெய்யாமல் மட்டும் விடாதீர்கள். ரிப்பேர் பில்லையும், சரிசெய்த பிறகு எடுத்த போட்டோவையும் பத்திரப்படுத்துங்கள். 'பழைய சேதம்' என்று நாளைக்கு யாராவது சொன்னால் அதுதான் சாட்சி.

மொத்தமாக மறுத்தால்?

பழைய டென்ட்டைக் காட்டிப் புது சேதத்தையும் சேர்த்து மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாள்களில் சரியான பதில் வராவிட்டால், இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இன்று சாயங்காலம் உங்கள் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். 'அப்புறம்' என்று ஒதுக்கிவைத்த டென்ட் எத்தனை இருக்கிறது?