அலமாரி பூட்டியே இருக்கட்டும்!

நம் சங்க அறையின் மேற்குச் சுவரோரம் நிற்கும் மர அலமாரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தலைநகரில் தமிழ் மாணவன் படும் பாட்டைப் பற்றி எழுத எவ்வளவோ உண்டு. ஆயினும் கடந்த இரண்டு செயற்குழுக் கூட்டங்களிலும் மற்றவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு இந்த அலமாரியைப் பற்றியே பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் சண்டையிட்டோம். அந்தச் சண்டையில் சிறுபான்மையாகிப் போன நான், என் கட்சியை இங்கே எடுத்துரைக்க இதழாசிரியரிடம் இடம் கேட்டுப் பெற்றிருக்கிறேன்.

அலமாரிக்குள் இருப்பவை மூன்று: ஒரு பழைய ஆம்பிளிபயர், ஒரு ப்ளூ-ரே பிளேயர், ஒரு டிஷ் பெட்டி. டி.வி. சுவரிலே தொங்குகிறது, ஸ்பீக்கர்கள் இருபுறமும் நிற்கின்றன. மற்றவற்றை ஏன் உள்ளே வைத்துப் பூட்டினோம்? தில்லிப் புழுதியை அறியாதார் யார்? மே, ஜூன் மாதங்களில் 'ஆந்தி' அடித்து ஓய்ந்த மறுநாள், மேசைமேல் விரலால் 'அம்மா' என்று எழுதலாம். புழுதிக்கு அடுத்தவர்கள் விடுதியின் நிரந்தரக் குடிகளான குரங்குகள். சன்னல் திறந்திருந்தால் கம்பி என்ன, கருவி என்ன, எதையும் இழுத்துப் பார்க்காமல் போகமாட்டார்கள். மூன்றாவது பகை மனிதக் கை. சென்ற ஆண்டு நம் ஹெட்போன் போன வழி இன்றுவரை தெரியவில்லை. ஆகவே பூட்டினோம். பூட்டியதில் பிழையில்லை. பூட்டிய கதவு ரிமோட்டின் ஒளியையும் சேர்த்துத் தடுக்கும் என்பதை எண்ணிப் பாராததுதான் பிழை.

அந்தச் சனிக்கிழமை இரவு நடந்ததை வந்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படம் ஓடுகிறது. சாவியை வைத்திருந்த செயலாளர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். கைப்பேசியை அங்கே எடுத்துச் செல்லக் கூடாது. பாட்டு வந்ததும் ஒலி எகிறியது. "அண்ணே, சவுண்டைக் குறைங்கண்ணே!" என்று முன்வரிசையில் ஒரு குரல். அண்ணன் ரிமோட்டைக் கதவின்மேலேயே ஒட்டிவைத்து அழுத்துகிறார். மரக்கதவுக்கு என்ன தெரியும்? மேல்மாடியில் மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வார்டனும் வந்தார். கடைசியில் யாரோ ஒருவர் மெயின் சுவிட்சையே அணைத்தார். இருட்டில் நாற்பது பேர் அமர்ந்திருந்தோம். அவர்களில் பாதிப்பேர் நம் அழைப்பை ஏற்று வந்த வங்காளி, மலையாளி, பஞ்சாபி நண்பர்கள். இன்னொரு முறை புகார் வந்தால் சனிக்கிழமைப் படமே கிடையாது என்று வார்டன் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஆனால் பிறமொழி நண்பர்கள் நம் அறைக்குள் காலெடுத்து வைப்பது அந்த ஒரு மாலையில்தான். அது போனால் சங்கம் தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கூட்டமாக முடிந்துவிடும்.

செயற்குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. கதவைக் கழற்றிவிடலாம் என்பது ஒன்று. குரங்குகளின் சார்பில் அதற்கு நன்றி தெரிவித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். வைஃபையில் இயங்கும் ரிமோட் பெட்டி ஒன்றை வாங்கி உள்ளே வைத்து, கைப்பேசியிலிருந்து எல்லாவற்றையும் இயக்கலாம் என்பது மற்றொன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் அது நன்றாக வேலையும் செய்யும். ஆனால் நம் வளாகத்து வைஃபை ஒவ்வொருவரிடமும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டபிறகே உள்ளே விடும். அத்தகைய சிறு பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும் யாருடைய கைப்பேசியில் அந்தச் செயலி இருக்கும்? செயலாளருடையதில்! சாவி போய்ச் செயலி வரும்; ஆள் ஆய்வுக்கூடத்திலேயே இருப்பார்.

நான் சொல்லும் வழி வேறு. கதவு பூட்டியே இருக்கட்டும். ஒளிக்கு மட்டும் ஒரு கள்ளவழி வைப்போம். 'ஐ.ஆர். ரிப்பீட்டர்' என்று கடைக்காரர்கள் சொல்லும் எளிய கருவி அது. அலமாரிக்கு வெளியே ஒரு சிறு கண். உள்ளே, ஒவ்வொரு கருவியின் முகத்திலும் ஒட்டிய ஒரு சிறு விளக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. வெளியே கண் கண்டதை உள்ளே விளக்கு அப்படியே சொல்லும். இருக்கிற ரிமோட்டே போதும். யார் கையில் அது இருக்கிறதோ அவர் ஒலியைக் குறைக்கலாம். வங்காளி நண்பருக்காக சப்டைட்டிலைப் போடலாம். சாவி எங்கிருந்தாலும் கவலையில்லை.

ரிமோட் பேசும் மொழியைச் சற்றே அறிந்துகொண்டால் இதில் மாயம் ஏதுமில்லை என்பது விளங்கும். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் ஏறிற்று. அவர் கண்டது அகச்சிவப்புக் கதிர். நம் ரிமோட்டின் நுனியில் உள்ள குமிழ் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அளவில் அந்தக் கதிரையே வீசுகிறது. ஆனால் வெயிலிலும் அந்தக் கதிர் உண்டு. குண்டு விளக்கிலும் உண்டு. இவற்றுக்கு நடுவே ரிமோட்டின் குரலை மட்டும் கருவி எப்படிப் பிரித்தறியும்?

இந்தச் சிக்கல் பழையது. 1955இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம், யூஜீன் பாலி என்ற பொறியாளர் அமைத்த 'ஃபிளாஷ்-மேட்டிக்' என்ற ரிமோட்டை வெளியிட்டது. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியறியும் கண்கள்; கையிலிருந்த டார்ச்சை எந்த மூலையில் அடிக்கிறோமோ அதற்கேற்ற வேலை நடக்கும். சாதாரண ஒளிதான். ஆகவே சன்னல் வழியே வெயில் பட்டாலும் டி.வி. தானே நிலையம் மாறும்! மறு ஆண்டே அந்நிறுவனம் ஒளியைக் கைவிட்டு, ராபர்ட் ஆட்லர் வகுத்தபடி, காதுக்குக் கேளாத ஒலியால் இயங்கும் ரிமோட்டுக்கு மாறியது. ஒளி மறுபடியும் அகச்சிவப்பு வடிவில் திரும்பி வந்தபோது ஒரு தந்திரத்தோடு வந்தது. அது சும்மா எரியாமல் விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடித்துத் துடித்து எரியும். அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்புவதில்தான் செய்தி இருக்கிறது. கருவியின் கண் அந்தத் துடிப்புக்கு மட்டுமே செவிசாய்க்கும். தில்லி மெட்ரோ நெரிசலில் எத்தனையோ குரல்கள் காதில் விழுந்தும் மனத்தில் பதிவதில்லை, பெட்டியின் மறுகோடியில் யாரோ "ஏலே, எங்க இருக்க?" என்று போனில் கேட்டால் மட்டும் நம் தலை திரும்புகிறதே, அப்படி!

இனி, இதைக் கடையில் வாங்குவதா, நாமே செய்வதா? கடையில் வாங்கினாலும் குற்றமில்லை. என் வாக்கு செய்வதற்கே. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் சந்தைக்குப் போய், நம் ரிச்சித் தெருவை நினைத்துக்கொண்டு இரண்டு சந்து நடந்தால், வேண்டியவை எல்லாம் கிடைக்கும். 38 கிலோஹெர்ட்ஸ் ஏற்பி ஒன்று ('1738' என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்), 555 சிப் ஒன்று, பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்று, அகச்சிவப்பு எல்.இ.டி. மூன்று, சில ரெசிஸ்டர்கள், கம்பி. மின்சாரத்துக்குப் பழைய கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட் போதும். எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

ஒரே ஓர் இடத்தில்தான் சற்று யோசிக்க வேண்டும். ஏற்பி தான் கேட்ட செய்தியிலிருந்து துடிப்பை உரித்துவிட்டுச் செய்தியை மட்டுமே வெளியே தரும். அதை அப்படியே எல்.இ.டி.க்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கருவி திரும்பியும் பாராது. ஏனெனில் அது துடிப்பைத் தேடுகிறது. ஆகவே உரித்த துடிப்பை மறுபடி போர்த்தவேண்டும். அதுதான் 555இன் வேலை. 1 கிலோ-ஓம், 18 கிலோ-ஓம், 1 நானோஃபாரட் என்று இணைத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 39,000 துடிப்பு வரும். இச்சிறு வேறுபாட்டைக் கருவிகள் பொறுத்துக்கொள்ளும். துல்லியம் வேண்டுவோர் 18 கிலோ-ஓமின் இடத்தில் திருகி மாற்றும் பிரிசெட் ஒன்றை வைக்கலாம். மற்றொன்று: ஏற்பி ஒளியைக் கண்டால் தன் வெளியீட்டைத் தாழ்த்தும்; காணாதபோது உயர்த்தி வைத்திருக்கும். 555இன் நான்காம் காலுக்கு வேண்டுவதோ இதற்கு நேர் எதிர். நடுவே டிரான்சிஸ்டரைப் போட்டுத் தலைகீழாக்க வேண்டும். இதை மறந்தால் ரிமோட்டைத் தொடாதபோதெல்லாம் விளக்கு எரியும், தொட்டால் அணையும். நான் முதல்முறை செய்தபோது அதுதான் நடந்தது. விளக்கு எரிவதை எப்படிக் கண்டேன் என்கிறீர்களா? கைப்பேசியின் முன்பக்கக் காமிரா வழியே பார்த்தால் அகச்சிவப்பு பெரும்பாலும் மங்கிய ஊதாவாகத் தெரியும். பின்பக்கக் காமிராக்கள் பலவற்றில் அதைத் தடுக்கும் வடிகட்டி உண்டு.

பொருத்துவதில்தான் பலர் தோற்கிறார்கள். கருவியின் கண் அதன் முகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் எங்கோ ஒட்டிவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்பார்கள். டார்ச் ஒளியைக் கருமையான முகப்பின்மேல் சாய்த்து அடித்தால் உள்ளே ஒரு சிறு வட்டம் தெரியும், எல்.இ.டி. அதற்கு நேரே நிற்கவேண்டும். ஒட்டியபின் அதன் முதுகைக் கருப்பு டேப்பால் மூடிவிடுங்கள். கதவைத் திறந்து வைத்தபோது உள்ளே எரியும் விளக்கை வெளியே இருக்கும் கண் பார்த்துவிட்டால், அது சொன்னதையே இது கேட்டு, இது கேட்டதையே அது சொல்லி, முடிவில்லாத வம்பாகிவிடும். வெளிக்கண்ணை டி.வி.யின் அடியில் வைக்கலாம். மாலை வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். 1955இல் பட்ட பாட்டை நாம் வேறு படவேண்டுமா? பழைய சி.எஃப்.எல். விளக்கின் அருகிலும் வேண்டாம். அவற்றில் சில இதே துடிப்பெல்லையில் மினுக்கி ஏற்பியைக் குழப்பும்.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று என்னைச் சற்றுத் தைத்தது. "இதெல்லாம் பணக்காரர் வீட்டு வரவேற்பறைச் சமாசாரம்" என்றார் ஒரு நண்பர். சுவரில் திரை மட்டும் தெரிய வேண்டும், கம்பியும் பெட்டியும் கண்ணில் படக்கூடாது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இக்கருவி பெரும்பாலும் விற்கப்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அழகுக்காக ஒளிக்கிறார்கள். நாம் குரங்குக்குப் பயந்து ஒளிக்கிறோம். ஒரே கருவி இருவருக்கும் உதவினால் அதில் கருவியின் குற்றம் என்ன? சொல்லப்போனால் நமக்கே அது அதிகம் தேவை. வரவேற்பறைக்காரர் வேண்டுமானால் எழுந்து போய்த் தம் கதவைத் தாமே திறந்துகொள்வார். அவர் சாவி அவரிடமே இருக்கிறது.

மற்றொரு எதிர்ப்பை நான் ஏற்கிறேன். அலமாரியைப் பூட்டியே வைத்தால் ஆம்பிளிபயர் சூடேறும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பின் அதன் தலையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ரிப்பீட்டர் இதற்கு மருந்தன்று. அலமாரியின் பின்பலகையில் மேலும் கீழும் காற்றோட்டத்துக்குத் துளைகள் இடவேண்டும்; உள்ளே வலை அடிக்கவேண்டும். எப்படியும் கம்பி போக ஒரு துளை இடத்தான் போகிறோம்; தச்சர் வந்த அன்றே இதையும் முடித்துவிடலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கலாம் என்று சிலர் ஆசைப்படும் ஸ்டிக் வகைக் கருவிகளின் ரிமோட்டுகள் பல புளூடூத்தில் பேசுபவை. அவை மரக்கதவைத் தாண்டித் தாமே கேட்கும்; அவற்றுக்கு இந்த ஏற்பாடு வேண்டுவதில்லை. ஆனால் நம் ஆம்பிளிபயர் அந்தக் குலத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு எச்.டி.எம்.ஐ. துளையே கிடையாது, ஆகவே டி.வி. ரிமோட்டால் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே ஒலியைக் குறைக்கும் வசதியும் அதனிடம் செல்லாது. ஒலியைப் பற்றித்தானே வார்டன் சொன்னார்? பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம் என்பவர்கள், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் பொதுக்குழுவில் சொல்லட்டும். அதன் ஒலியில் இன்றுவரை யாரும் குறை கண்டதில்லை.

மாதிரி ஒன்றை என் அறையில் செய்து வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இராது; சோப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டு வருகிறேன். செயலாளர் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தம் பையில் வைத்துக்கொள்ளட்டும். ரிமோட்டை முன்வரிசையில் அமரும் முதலாண்டு மாணவர் ஒருவரிடம் கொடுப்போம். பிடித்திருந்தால் மறுநாளே துளையிடலாம். விடுதித் தச்சரிடம் கேட்டுவிட்டேன். அவரிடம் டிரில் இருக்கிறது. தீபாவளி விடுமுறைக்குமுன் என்றால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.