ஒரு கண் தொலைக்காட்சியில், மறு கண் கைத்தொலைபேசியில்



மாலையில் தொலைக்காட்சியில் நாடகம் ஓடும். கையிலோ தொலைபேசி. வெளிநாட்டில் உள்ள மகனின் குரற்பதிவு, ஊர்க் குழுவில் வந்த செய்தி என்று கண் அங்குமிங்கும் தாவும். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மனம் ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடிக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் ஏதோ கொஞ்சம் தவறிப்போகிறது.

நாடகத்தில் ஒரு வசனம் தவறினால் நட்டமில்லை. புயல் நேரத்தில் அப்படியல்ல. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 'புரேவி' புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தது. அத்தகைய இரவில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாதியாகக் கேட்டு, யாரோ அனுப்பிய பழைய படத்தை முழுதாக நம்பினால் என்னாகும்? 2004 சுனாமியைக் கண்ட நமக்கு, "கடல் வருகுது" என்ற ஒரு வரியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடப் போதும்.

போர்க்காலத்தில் மின்சாரமின்றி, பற்றரி வானொலியைச் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசையைக் காது கொடுத்துக் கேட்டோம். அந்தப் பழக்கம் இன்றும் உதவும்.

அறிவித்தல் வந்தால் தொலைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். இடத்தின் பெயரையும் நேரத்தையும் தாளில் குறியுங்கள். பிறகு தொலைபேசியில் வந்ததை அதனுடன் ஒப்பிடுங்கள். சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழையுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். உறுதியாகாத செய்தியை அடுத்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அங்கேயும் ஒரு தாய் பிள்ளைகளோடு விழித்திருப்பாள்.