வடம் பிடிக்க ஒரு கை



புரட்டாசி இதழ் உங்கள் கைக்கு வரும் இந்த நேரத்தில், நம் வீடுகள் பலவற்றில் பெட்டி கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்கான வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் செப்டம்பரிலேயே விமானம் ஏறுகிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டு உயர்கல்வி நிறுவனங்களில் இந்திய மாணவர்கள் 49,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது நம்மவர்கள்தான் அதிகம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது என்பதால், கடன் வாங்கி ஓராண்டுச் செலவைத் திரட்டிவிட்டால் போதும் என்று நடுத்தரக் குடும்பங்களும் துணிந்து அனுப்புகின்றன.

விசா, காப்பீடு, விடுதி, குளிருக்கு உடுப்பு என்று எல்லாவற்றையும் விசாரித்துத் தெரிந்துகொள்கிறோம். பண்டிகை நாளில் பிள்ளை என்ன செய்யும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் வீட்டு நினைவு ஆளை உலுக்குவது அந்த நாள்களில்தான்.

டோர்ட்மண்ட் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்கும் வாசகி ஒருவர் எனக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். விருதுநகர் மாவட்டத்துப் பெண். முதல் ஆண்டில் அங்கே பண்டிகைகள் எப்படிக் கழிந்தன என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். அவர் அனுமதியோடு அதிலிருந்து சிலவற்றை இந்தப் பக்கத்தில் பகிர்கிறேன். புறப்படும் பிள்ளைகளுக்கும் அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் அது உதவும்.

அவர் போய் இறங்கியதும் நவராத்திரி வந்துவிட்டது. நகராட்சியில் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கை என்று அலைந்ததில் சரஸ்வதி பூஜை கடந்துபோனதே தெரியவில்லை. மறுநாள் அம்மா அனுப்பிய கொலுப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. புத்தகத்தைச் சாமி முன்னால் அடுக்காமல் கழிந்த முதல் சரஸ்வதி பூஜை அது என்று எழுதியிருக்கிறார்.

தீபாவளி வேலை நாளில் வந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச் சுடிதாரின் மேல் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். பட்டாசுக்கு வழியே இல்லை. அந்நாட்டில் பொதுமக்களுக்கு வெடிகள் விற்பது ஆண்டின் கடைசி நாள்களில் மட்டும்தான். வெடிக்க அனுமதி டிசம்பர் 31, ஜனவரி 1 ஆகிய இரு நாள்களுக்கே. பட்டாசு பிறக்கும் மாவட்டத்திலிருந்து போன பெண்ணுக்கு, சத்தமே இல்லாத அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்!

கார்த்திகைக்கு விளக்கு ஏற்ற ஆசை. விடுதி அறையின் கூரையில் புகையுணர் கருவி இருக்கிறது. அங்கே படுக்கையறைகளில் அது சட்டப்படி கட்டாயம். கற்பூரப் புகைக்கு அது அலறினால் கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் குளிரில் வெளியே ஓடிவர வேண்டும். அதனால் மின்கல விளக்குகளைச் சன்னலில் வரிசையாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டார். தெய்வம் அதையும் ஏற்றுக்கொள்ளும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பொங்கலுக்குள் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. விடுதியின் பொதுச் சமையலறையில், மின்னடுப்பில், சின்ன எவர்சில்வர் பானையில் பொங்கல் வைப்பது என்று முடிவு செய்தார். ஜனவரி நடுவில் அங்கே சூரியன் எழ எட்டரை மணி ஆகிறது. அன்று மேகமூட்டம் வேறு. சூரியன் முகமே காட்டவில்லை. அந்நேரம் நம்மூரில் மதியம் ஒரு மணி. படையல் முடிந்து, சாப்பிட்டு, இலை எடுத்திருப்பார்கள். அங்கே அப்போதுதான் பால் சூடேறிக்கொண்டிருந்தது. பொங்கி வழிந்தால் அடுப்பின் கண்ணாடிப் பரப்பு கருகிப்போகும் என்று, பானையைத் தூக்கிப் பிடித்து ஒரு தட்டின் மேல் வழியவிட்டிருக்கிறார். உடன் தங்கியிருக்கும் ஈரான் நாட்டுப் பெண், "பால் ஏன் வழிய வேண்டும்? முன்னாலேயே இறக்கிவிடலாமே?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. இருபத்து மூன்று பொங்கல் பார்த்தவருக்கு, ஒரு பொங்கலைக்கூட விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. உடனே பாட்டிக்குப் போன் போட்டார். பாட்டி சொல்லச் சொல்ல இவர் ஆங்கிலத்தில் சொன்னார். விளைச்சல் வீடு நிறைந்து வழிய வேண்டும் என்பதைக் கேட்டதும், தங்கள் நவ்ரூஸ் புத்தாண்டும் சூரியனைக் கணக்கு வைத்துத்தான் பிறக்கிறது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். பிறகு இருவரும் அடுப்படியில் நின்றபடியே ஆளுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஊரில் பண்டிகை தானாக வந்துவிடுகிறது. மாவிலை கட்ட ஒருவர், கோலம் போட ஒருவர், பலகாரம் சுட ஒருவர். பிள்ளைகள் எழுந்து வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். வெளிநாட்டில் யாராவது செய்தால்தான் பண்டிகை உண்டு. அந்த யாராவது நாமேதான் என்று புரியும் நாளில் பிள்ளை பெரியவளாகிவிடுகிறாள்.

கடிதத்தின் கனமான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. மே மாதத்தில் ஒரு நாள், கறிவேப்பிலை வாங்கப் போன தமிழ்க் கடையில், ஹம் நகரத்து அம்மன் கோயிலில் கொடியேறப்போவதைக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். டோர்ட்மண்டிலிருந்து ஹம் ரயிலில் அரை மணி தூரம்தான். மாணவர் பயணச்சீட்டு இருப்பதால் தனிச் செலவும் இல்லை. நம் பெண் கிளம்பிவிட்டார்.

ஹம் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தமிழருக்கு எதிரான 1983 வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஜெர்மனிக்கு வந்த தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. 1985இல் அங்கு வந்து சேர்ந்த சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக் குருக்கள், முதலில் ஒரு வீட்டின் நிலவறையில் அம்பாளை வைத்துப் பூசை செய்தார். 1993இல் முதல் திருவிழா ஊர்வலம் புறப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. குடியிருப்புப் பகுதிக்கு அது தாங்கவில்லை. ஊண்ட்ரோப் என்னும் புறநகரில், தொழிற்கூடங்களுக்கு நடுவே இடம் அமைந்தது. ஹைன்ஸ்-ரைனர் ஐக்ஹோர்ஸ்ட் என்னும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் திட்டம் வரைந்தார். இந்தியாவிலிருந்து சிற்பிகள் போய்ச் சுதை வேலை செய்தார்கள். 27 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், 17 மீட்டர் உயர இராஜகோபுரம். 2002 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நடந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்றாக இன்று அது நிற்கிறது.

அந்த மக்கள் எந்த நிலையில் இதைச் செய்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அடைக்கலம் கேட்டு வந்தவர்கள், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியின்றித் தாண்டக் கூடாது என்று 1982 முதல் அங்கே சட்டம் இருந்தது. தொடக்க காலத்தில் வேலை பார்க்கவும் தடை. அக்காள் ஒரு நகரத்தில், தம்பி ஒரு நகரத்தில் என்று குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. வேலை கிடைத்தபோது உணவகச் சமையலறை, ஆலை, துப்புரவுப் பணி என்று கிடைத்ததைச் செய்தார்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசுதான் கோபுரமாகியிருக்கிறது. நம் பிள்ளைகள் ஒரு பயணச்சீட்டை வைத்துக்கொண்டு நினைத்த ஊருக்கு ரயில் ஏறுகிறார்களே, அந்தச் சுதந்திரம் அவர்களுக்கு அன்று இல்லை.

அந்தக் கோயிலில் தேர் ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக நாளை அப்படி அமைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். தேர் வரும் வழியில் தேங்காய்கள் குவியல் குவியலாக உடைபடுகின்றன. காவடி ஆடுகிறார்கள். பெண்கள் கற்பூரச்சட்டி ஏந்தி வருகிறார்கள். யாழ்ப்பாணத்து வழக்கப்படி ஆண்கள் தேருக்குப் பின்னால் தரையில் உருண்டு பிரதட்டை செய்கிறார்கள். பெண்கள் அடிக்கு அடி விழுந்து வணங்கி அடியழித்து வருகிறார்கள். தேர்ப் பாதையின் ஓரத்தில் சேலைக் கடை, பலகாரக் கடை, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கடை. ஜெர்மானியர்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள். தீர்த்தத் திருவிழாவுக்கு அம்பாள் எழுந்தருளுவது, சரக்குப் படகுகள் ஓடும் டாட்டெல்ன்-ஹம் கால்வாய்க்கு.

நம் மாணவி முதல் தடவை போனபோது கும்பிட்டார், படம் எடுத்தார், அன்னதானத்தில் வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவும் இடத்தில் ஓர் அம்மா, "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். விருதுநகர் என்றதும், "தனியவோ இருக்கிறீங்கள்? சாப்பிட்டனீங்களோ?" என்று அடுத்த கேள்வி. பேசிக்கொண்டே அந்த அம்மா பெரிய கிடாரம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு விடிகாலை நான்கு மணியிலிருந்து சமையல் கட்டில் நிற்கிறாராம். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் வேறு நகரங்களில் வேலையில் இருக்கிறார்கள். சமையலுக்கு நிற்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள்.

அதைக் கேட்ட பிறகு சும்மா நிற்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு கிடாரத்தை இழுத்துக்கொண்டார். மறுநாள் தோழிகள் நால்வரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூசணிக்காய் நறுக்கினார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் போகிறார். அந்த அம்மாவை அன்ரி என்று கூப்பிடுகிறார். பரீட்சைக் காலத்தில் அன்ரி வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் வருகிறதாம்.

நான் இந்தப் பக்கத்தில் சொல்ல நினைத்தது இதுதான். வெளிநாட்டுக் கோயில் திருவிழாவை, நம் ஏக்கத்தை ஆற்றிக்கொள்ளும் இடமாக மட்டும் நம் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. முதல் ஆண்டு ஆறுதலுக்குப் போகட்டும், அது இயல்பு. அடுத்த ஆண்டு வேலை செய்யப் போக வேண்டும். அந்தக் கோயில்களை எழுப்பிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. ஹம்மில் மட்டும் இல்லை. பெர்லின் பிரிட்ஸ் பகுதியின் முருகன் கோயிலிலும், ஹனோவர் முத்துமாரியம்மன் கோயிலிலும் பந்தல் போட, காய் நறுக்க, வரிசையை ஒழுங்கு செய்ய, வடம் பிடிக்க இளைய கைகள் வேண்டும். நாட்டை இழந்தவர்கள் கட்டிய கோயிலில், நாட்டிலிருந்து போகிற பிள்ளைகள் விருந்தாளியாக நின்றுவிட்டுத் திரும்புவது நியாயமாக எனக்குப் படவில்லை. தமிழ்நாட்டுத் தமிழரும் ஈழத் தமிழரும் ஒருவரையொருவர் செய்தித்தாளில் படித்துத்தான் பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். ஒரே அடுப்படியில் நின்று வேலை செய்தால் உறவாகிவிடலாம். அந்த வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பெட்டியில் பால்கோவாவையும் நெய்யையும் வைக்காதீர்கள். பால் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் பயணிகளை அனுமதிப்பதில்லை. கறிவேப்பிலைக்கும் தடை உண்டு. அந்த இடத்தில் திரி, குங்குமம், விபூதி, ஒரு சின்னப் பானை வையுங்கள். புறப்படுவதற்கு முன் பிள்ளையை அடுப்படிக்குக் கூப்பிட்டு, இருபது பேருக்குச் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் செய்யக் கற்றுக்கொடுங்கள். மகளுக்கு மட்டுமில்லை, மகனுக்கும்தான். ஒவ்வொரு பண்டிகையும் ஏன் வருகிறது, எதற்கு எதைப் படைக்கிறோம் என்று தாத்தா பாட்டியை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே அதைக் கேட்க ஆள் இருக்கிறார்கள். பண்டிகை நாளில் வீடியோவில் அழைத்து, "நீ மட்டும்தான் இல்லை" என்று கண் கலங்காதீர்கள். "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.

புறப்படும் பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே சத்தம் கூடாது. பாட்டும் பஜனையும் அதற்குள் முடியட்டும். அறைக்குள் கற்பூரம் வேண்டாம். வகுப்பையும் தேர்வையும் விட்டுவிட்டுத் திருவிழாவுக்கு ஓட வேண்டாம். சனி, ஞாயிறு இருக்கின்றன. வெளிநாட்டு மாணவர்கள் வேலை பார்க்க 2024 முதல் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அனுமதி உண்டு. சம்பளத்துக்கு உழைக்கும் அந்த நாள்களுக்கு வெளியே, ஆண்டில் இரண்டு மூன்று நாளையாவது சம்பளம் இல்லாத திருவிழா வேலைக்கு ஒதுக்குங்கள். நீங்கள் போய் இறங்கும் ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கோயில் இருக்கிறது என்று முதல் வாரமே விசாரித்து வையுங்கள். தமிழ்க் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அங்கே போனதும், "அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

இந்த ஆண்டு நீங்கள் கொண்டாடிய பண்டிகையைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். யாருக்குச் சமைத்தீர்கள், யாரோடு நின்று வேலை செய்தீர்கள், அவர்களுடைய கதை என்ன என்று எழுதுங்கள். வரும் கடிதங்களைத் தை இதழில் வெளியிட ஆவலோடு காத்திருக்கிறேன். எல்லாருக்கும் நவராத்திரி நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்