சாறு குடித்தால் வீக்கம் வற்றுமா?

சென்ற வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், உறவுக்காரப் பெரியவர் ஒருவருக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அவருடைய வயிற்றுப் பெருந்தமனி 6 சென்டிமீட்டருக்கு வீங்கியிருப்பது தெரிந்திருக்கிறது. தொடை வழியாக ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். "வலியே இல்லைங்கறீங்க, எதுக்கு மாமா ஸ்டென்ட்? எல்லாம் காசு புடுங்கற வேலை. இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு காய்ச்சிக் குடிங்க, கரைஞ்சிடும்" என்றார் ஒருவர். படித்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எது கரையும்? அங்கே இருப்பது அடைப்பே இல்லை. சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய குழாய், சுவர் நைந்து மூன்று மடங்கு புடைத்திருக்கிறது. எந்தச் சாறு அந்தச் சுவரைத் தைக்கும்?

ஐன்ஸ்டைனுக்கு இதே இடத்தில் இதே வீக்கம். 1948 டிசம்பரில் புரூக்ளினில் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் அவருடைய வயிற்றைத் திறந்து பார்த்தார். அக்காலத்தில் செய்ய முடிந்தது, வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றுவதுதான். தாள் உறுத்தித் தழும்பு கட்டினால் சுவர் கெட்டிப்படும் என்று நம்பினார்கள். 1955 ஏப்ரலில் அந்த வீக்கம் வெடித்தது. மறுபடி அறுவைக்கு ஐன்ஸ்டைன் சம்மதிக்கவில்லை. இறந்தபோது வயது 76. அப்பேர்ப்பட்ட மனிதருக்கே ஒரு தாள்தான் கிடைத்தது. நம் மாமாவுக்கு ஸ்டென்ட் கிடைக்கிறது, வேண்டாம் என்கிறோம்.

உக்ரைனின் கார்கிவில் வொலோதோஸ் என்ற மருத்துவர் 1987-இல் மார்புப் பெருந்தமனியிலும், புவெனஸ் அயர்ஸில் பரோடி என்ற மருத்துவர் 1990-இல் வயிற்றுப் பெருந்தமனியிலும் செய்து காட்டிய வழி இந்த ஸ்டென்ட். துணி போர்த்திய கம்பிவலைக் குழாயைச் சுருக்கி, தொடைத் தமனி வழியாக ஏற்றி, எக்ஸ்ரே பார்த்தபடி வீக்கத்துக்குள் விரிக்கிறார்கள். ரத்தம் அதனுள் ஓடுகிறது, நைந்த சுவரின் மேல் விழும் அழுத்தம் குறைகிறது. ஐன்ஸ்டைன் இறந்து சுமார் 35 ஆண்டில் வந்துவிட்டது. நாம் இன்னும் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறோம்.

பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தாலும் இதே கதைதான். நெஞ்சிலிருந்து முதுகுக்குப் பாயும் வலியை 'வாயு' என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுக்கிறோம். கிழிசல் இதயத்தை ஒட்டி இருந்தால் நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டும். கீழிறங்கும் பகுதியில் கிழிந்து, வெடிக்கும் நிலையோ உறுப்புகளுக்கு ரத்தம் போகாத நிலையோ வந்தால் ஸ்டென்ட் காப்பாற்றும். சோடா குடிக்கும் நேரத்தில் உயிர் போய்விடலாம்.

ஸ்டென்டில் கொள்ளையே நடக்கவில்லையா? நடந்தது. அதனால்தான் 2017-இல் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு போட்டது. அது இதயக் குழாய் ஸ்டென்டுக்கு. பெருந்தமனி ஸ்டென்டுக்கு நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கோபப்படுகிறவர்கள் அதற்காக அரசிடம் கோபப்படட்டும், நோயாளியைச் சாறு குடிக்க அனுப்ப வேண்டாம். பீடி, சிகரெட்டைப் பற்றி அந்தப் பந்தியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த வீக்கத்தை வரவழைப்பதில் முதல் குற்றவாளி புகைதான். ஐன்ஸ்டைனும் பைப் புகைத்தவர்.

இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அரசே அழைத்து வயிற்று ஸ்கேன் எடுக்கிறது. இங்கே யாரும் அழைக்க மாட்டார்கள். புகைத்த பழக்கமுள்ள, 65 தாண்டிய அப்பாவோ மாமாவோ வீட்டில் இருந்தால் நீங்களே அழைத்துப் போங்கள். பெருந்தமனியின் அகலத்தை அளந்து சொல்லக் கேளுங்கள். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால், ரத்தக்குழாய் அறுவை நிபுணரைப் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள். ஸ்டென்ட் வைத்த பிறகும் ஆயுள் முழுக்க ஸ்கேன் தேவை, அதைத் தவறவிடாதீர்கள்.