பேஸ் வாசித்தவர் யார்?

என் தங்கை மகன் பேஸ் கிட்டார் வாசிப்பவன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். போன மார்கழியில் சபாக்களை விட்டுவிட்டு அவனுடைய ஹெவி மெட்டல் குழுவைப் பற்றி எழுதியதில் சிலருக்குக் கோபம். இந்த வாரமும் அவனிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மகிழ்ச்சியான சேதி. ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவருக்குக் கையில் அடிபட்டுவிட்டது. அவருக்குப் பதிலாக ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்துக் கொடுக்க இவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்படி முதல் ஒரு மணி நேரம் ரெகே, கியூபா நாட்டுப் பாட்டு, போசா நோவா. அதன் பிறகு எழுபதுகள், எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகள். இவற்றில் எதுவும் அவன் கைக்குப் பழகியதல்ல.

“மாமா, லிஸ்டைப் பாத்தா பயமா இருக்கு. ஆனா ஒத்துக்கிட்டேன்” என்றான்.

அந்த ‘ஆனா ஒத்துக்கிட்டேன்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெரிந்ததையே வாசித்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்துவிடலாம். நம்மூரில் அப்படிக் கழிப்பவர்களுக்குக் கைதட்டலும் குறைவதில்லை. தெரியாத பாட்டுக்குச் சம்மதித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்காரும் இளைஞனைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஹெட்போன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். செல்போன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பதைப் பற்றிய என் பழைய புகார் உங்களுக்குத் தெரியும். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியின் துளி ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. ஆகவே இன்று பாட்டுக் கேட்பவர்களில் பலர் பேஸே இல்லாத பாட்டைக் கேட்கிறார்கள். இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

மெட்டலில் பேஸ் வாசிப்பவரின் வேலை பெரும்பாலும் கிட்டாரின் ரிஃபை ஒரு ஸ்தாயி கீழே நின்று தாங்கிப் பிடிப்பது. அங்கே இடைவெளி என்பது ஓட்டை. ரெகேயில் இடைவெளிதான் பாட்டு. ‘ஒன் டிராப்’ என்ற அதன் நடையில் டிரம்ஸ் முதல் அடியைக் காலியாக விட்டுவிடும். கிக் மூன்றாம் அடியில் வந்து விழும். அந்தக் காலியிடத்தைச் சுற்றி பேஸ் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போக வேண்டும். கியூபாவின் ‘தும்பாவோ’ இன்னும் கடினம். அங்கே பேஸ் முதல் அடியில் இறங்குவதே அபூர்வம்; அடுத்த சுற்றில் வரப்போகும் கார்டின் மூல சுரத்தை இந்தச் சுற்றின் நாலாம் அடியிலேயே வாசித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதீத எடுப்பில் பாட்டு தாளத்தை முந்திக்கொண்டு கிளம்புவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஏறக்குறையப் புரிந்துவிடும். சமத்தில் ஓங்கி இறங்கியே பழகிய மெட்டல்காரனுக்குக் காலும் கையும் சண்டை போடும். சண்டை போட்டது. சுரங்களை ஒரே நாளில் எழுதி முடித்துவிட்டான். அவற்றை எங்கே நிறுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை. சுரத்தை விட்டுவிட்டு டிரம்மரின் வலது காலை மட்டும் கேள் என்று சொன்னேன்.

அடுத்த நாள் அவன் ஒரு கேள்வியோடு வந்தான். “இதை வாசிச்சது யார் மாமா?”

சரியான கேள்வி. ஒரு பாணி என்று நாம் பொதுவாகச் சொல்வதெல்லாம் முதலில் யாரோ ஒரு மனிதரின் கைப்பழக்கம்தான். அவர் யாரென்று தெரிந்தால் அவர் வாசித்த மற்றப் பாட்டுகளையும் தேடிக் கேட்கலாம். எந்த இடத்தில் சுரத்தைக் கையால் அமுக்கி அடக்குவார், எந்த இடத்தில் ஒலிக்க விடுவார், எங்கே தாமதிப்பார் என்பது பத்துப் பாட்டில் விளங்கிவிடும். பாப் மார்லியின் வெய்லர்ஸில் பேஸ் வாசித்தவர் ஆஸ்டன் பாரெட். டிரம்ஸ் அவருடைய தம்பி கார்ல்டன். கியூபா என்றால் கச்சாவோ என்று உலகமே கூப்பிட்ட இஸ்ரேல் லோப்பஸிடமிருந்து தொடங்கலாம். இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிட்டேன். பிறகு அவன் தமிழ்ப் பாட்டுகளின் பட்டியலை நீட்டி, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டான். இதில் யார்? இதில்?

என்னிடம் இருக்கிற இசைத்தட்டு உறைகளை எடுத்துப் பார்த்தோம். நாயகன், நாயகி, இயக்குநர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர். அத்தோடு முடிந்தது. இந்த வாரம் என் கோபம் அங்கே தொடங்கியது.

வாசித்தவர் யாரென்று தெரிந்திருப்பதால் என்ன பயன் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2002 ஜூன் 27 அன்று, லாஸ் வேகஸில் ஓர் ஓட்டல் அறையில், ‘தி ஹூ’ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் இறந்துபோனார். வயது 57. மறுநாள் அதே ஊரில் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதாக இருந்தது. முதல் இரண்டு கச்சேரிகள் ரத்தாயின. ஜூலை 1 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் ஹாலிவுட் பௌலில் மேடை ஏறியபோது என்ட்விசிலின் இடத்தில் நின்றவர் பினோ பல்லாடினோ என்ற வேல்ஸ்காரர். நடுவில் கிடைத்தவை சில நாள்கள்தான்.

யாருடைய இடம் என்று பாருங்கள். என்ட்விசில் பேஸை முன்னணி வாத்தியமாக வாசித்தவர். கம்பிகள் கணீரென்று ஒலிக்கும். விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். 1965இல் வந்த ‘மை ஜெனரேஷன்’ பாட்டின் நடுவில் பேஸ் தனியாவர்த்தனம் செய்கிறது. ராக் இசையில் அப்போது அது கேள்விப்படாத விஷயம். பல்லாடினோவின் உலகம் வேறு. 1983இல் பால் யங் பாடிய ஒரு பாட்டில், மெட்டுகள் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸை கோட்டுவாத்தியம் போல வழுக்கி வாசித்துப் பெயர் வாங்கியவர். 2000இல் டியாஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் தாளத்துக்கு மயிரிழை பின்னால் தங்கி, குறைந்த சுரங்களில் வாசித்தவர். குழுவின் பீட் டவுன்ஷெண்டோடு அவருடைய தனி ஆல்பங்களில் வாசித்த பழக்கம் உண்டு. ஆனால் அந்த மேடை, அந்தச் சத்தம், அந்த வேகம் புதிது. அவர் என்ட்விசிலை நகலெடுக்க முயலவில்லை. பாட்டைத் தாங்குவதற்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு, மற்றதைத் தன் கையால் வாசித்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் குழுவோடு தொடர்ந்தார். இறந்தவரின் கைப்பழக்கம் உலகத்துக்கே தெரிந்திருந்ததால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவரால் தீர்மானிக்க முடிந்தது.

என்ட்விசில், பல்லாடினோ இருவரும் அந்த ஹாலிவுட் பௌல் கச்சேரிக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரே புத்தகத்துக்காக வாசித்திருக்கிறார்கள். இந்தப் பத்தியில் நான் அடிக்கடி இழுத்துவரும் புத்தகம்தான்: ஆலன் ஸ்லட்ஸ்கி 1989இல் எழுதிய ‘ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோடவுன்’. முன்பு எழுதியபோது அதன் கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டேன். இன்று அதற்கு இடம் கொடுக்கிறேன்.

அது ஜேம்ஸ் ஜேமர்சனின் வாழ்க்கை. 1936இல் தென் கரோலினாவில் பிறந்தவர். பதின்வயதில் டெட்ராய்ட்டுக்கு வந்து, பள்ளியில் டபுள் பேஸ் கற்று, மோடவுன் இசைநிறுவனத்தின் நிலைய வித்துவான்களில் ஒருவரானார். அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் மாளிகை இல்லை. ஒரு குடியிருப்பு வீட்டை மாற்றிக் கட்டியது. அங்கிருந்துதான் டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், சுப்ரீம்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே எல்லோரும் உலகத்துக்குப் போனார்கள். அந்தப் பாட்டுகளில் மிகப் பலவற்றுக்கு அடியில் ஓடுவது ஜேமர்சனின் வலது ஆள்காட்டி விரல். ஒரே விரல். மற்றவர்கள் இரண்டு விரலால் செய்வதை அவர் ஒன்றால் செய்தார். 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், அதில் வழவழப்பான தடித்த கம்பிகள். அவற்றை மாற்றவும் மாட்டார். டெம்ப்டேஷன்ஸின் ‘மை கேர்ள்’ பாட்டைத் தொடங்கிவைப்பது பேஸ்தான். வெறும் இரண்டு சுரங்கள். கேட்டவுடன் என்ன பாட்டென்று தெரிந்துவிடும்.

அந்த ஆண்டுகள் முழுக்க மோடவுன் தட்டுகளின் உறையில் வாசித்தவர்கள் பெயர் கிடையாது. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் முதன்முதலாக அச்சாயின. ஜேமர்சனின் பெயருக்கு ஒப்பற்றவர் என்ற அடைமொழியும் சேர்ந்தது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தது. 1983இல் மோடவுனின் வெள்ளிவிழாவைத் தொலைக்காட்சிக்காகப் பிரம்மாண்டமாக நடத்தினார்கள். மைக்கேல் ஜாக்சன் நடந்த அந்த ‘மூன்வாக்’கை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே அரங்கில், தானே டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் ஜேமர்சன். அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று இறந்தார். வயது 47.

ஸ்லட்ஸ்கி செய்தது இதுதான். ஜேமர்சனின் குடும்பத்தினரையும் உடன் வாசித்தவர்களையும் தேடிப்போய்ப் பேசினார். பேஸ் வரிகளைக் காதால் கேட்டு ஒவ்வொன்றாக நொட்டேஷனில் எழுதினார். இருபதுக்கும் மேற்பட்ட பேஸ் கலைஞர்கள் அவற்றை வாசித்துக் கொடுத்தார்கள். அவர்களில்தான் என்ட்விசிலும் பல்லாடினோவும் இருக்கிறார்கள். 2000இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பின்னணி வாத்தியக்காரர்களுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கி ஜேமர்சனைச் சேர்த்தது. 2002இல் அந்தப் புத்தகத்தின் பெயரிலேயே ஆவணப்படமும் வந்தது. ஒரு கிட்டார்காரர் எழுதிய புத்தகம் இவ்வளவையும் சாதித்தது. இசை பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் இதைவிட நியாயமான காரியத்தைச் செய்த இன்னொன்றை நான் படித்ததில்லை.

இப்போது நம் உறைகளுக்கு வருவோம். ‘எல்லாச் சுரத்தையும் இசையமைப்பாளர்தானே எழுதிக் கொடுத்தார், வாசித்தவர் பெயர் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. இளையராஜா பேஸுக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர். ‘இளைய நிலா’வில் கிட்டாருக்கு அடியில் தனி வழியில் நடக்கும் அந்த பேஸ் அவருடைய கற்பனை. மறுக்கவில்லை. ஆனால் தாளில் எழுதிய சுரம் ஒலியாவது ஒரு மனிதரின் விரலில்தான். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நீளம், எந்தக் கம்பியில் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த விரல். ராஜாவின் பேஸ் என்றவுடன் ரசிகர்கள் சசிதரன் பெயரைச் சொல்வார்கள். ஆசையோடு நினைவில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எந்தெந்தப் பாட்டு அவர், எது வேறொருவர் என்று கேட்டால் உறை பதில் சொல்லாது. அதற்கு முந்தைய காலத்துத் தட்டுகளில் டபுள் பேஸை அணைத்துக்கொண்டு நின்றவர்களின் நிலை இன்னும் மோசம். ஏ.ஆர். ரகுமான் தன் கேசட் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயரைப் போட்டார். கீத் பீட்டர்ஸ் என்ற பெயர் இன்று பேஸ் பழகும் பையன்களுக்கு மனப்பாடமாக இருப்பதில் அந்தச் சிறிய எழுத்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு. செலவு என்ன ஆயிற்று? நாலு வரி மை. இன்றைய செயலிகளில் அந்த நாலு வரியும் பெரும்பாலும் இல்லை. டி.வி. பாட்டுப் போட்டிகளில் நடுவர் கண் துடைப்பதைப் பல கோணங்களில் காட்டுகிறார்கள்; பேஸ் வாசிப்பவரின் பெயரை ஒருமுறை திரையில் போட அவர்களுக்கு நேரமில்லை. இது கஞ்சத்தனம் அல்ல, அநியாயம். தொழில் செய்தவனின் பெயரை அந்தத் தொழிலிலிருந்து அழிப்பது அநியாயம்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரசாத்திலோ, ஏவிஎம்மிலோ, கோடம்பாக்கத்தின் வேறெந்த ஒலிப்பதிவுக் கூடத்திலோ பேஸ் வாசித்த பெரியவர் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்கள் சர்ச் குவயரில் இருக்கலாம். பேஸ் என்றில்லை, தபேலா, வயலின், ஷெனாய் எதுவானாலும் சரி. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய் உட்காருங்கள். பாட்டைப் போட்டுக் காட்டி, வாசித்தது நீங்களா என்று கேளுங்கள். எந்தப் பாட்டு, எந்த ஆண்டு, எந்தக் கூடம், பக்கத்தில் யார் என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி, அவர் சம்மதத்தோடு இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த மாதத்திலிருந்து இந்தப் பத்தியின் கடைசிப் பகுதியை அந்தப் பெயர்களுக்கு ஒதுக்குகிறேன்.