லேபிளை மறைக்கும் சேகரிப்பாளர்கள்

பழைய இசைத்தட்டுப் பாடலொன்றை இணையத்தில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுகின்றனர் நம் சேகரிப்பாளர் சிலர். லேபிளைக் காட்டமாட்டார்கள், தட்டின் எண்ணைச் சொல்லமாட்டார்கள். போட்டிக்காரர் அறிந்துவிடுவாராம்!

1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். தட்டுகள் அப்போது ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாயின. அங்கு லேபிள் எழுதுவோர் ஆளை மாற்றிவிடக் கூடாதல்லவா? பாடியவருக்கு இருந்த அந்த அக்கறை, சேகரிப்பவருக்கு இல்லை.

கம்பனி, பாடகர், இராகம், பட்டியல் எண் யாவும் லேபிளில் உள்ளன. அதனருகே அரக்கில் பொறித்த பதிவு எண்ணைக் கொண்டே ஒலிப்பதிவுக் காலத்தைக் கணிக்கிறார்கள். இவை இல்லையேல், 1933இல் மறைந்த கிட்டப்பாவின் குரலும் யாரோ ஒருவரின் குரல்தான்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்தன. அரக்குத் தட்டு நெருப்பைத் தாங்காது. ஆகவே கொட்டாஞ்சேனைப் பரணிலோ டொரன்டோ அலமாரியிலோ எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தட்டும் கணக்கில் வரவேண்டும். லேபிளைப் படமெடுத்து நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பத் தட்டைப் பறிகொடுக்க வேண்டியதில்லை, ஐயா, கைப்பேசி போதும்.